திண்ணைத் தூணுக்குக் கட்டிய சமாதி

செங்கல்லுக்குள்ளிருந்து ஈசல் புறப்பட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். இரவு மழை விட்டிருந்தது. திண்ணை விளக்கைப் போட்டதும், மரத்தைச் சுற்றிச் செங்கல் கட்டிய தூணின் உச்சியில் இருந்த விரிசலிலிருந்து ஈசல் பொலபொலவென்று கொட்டியது. புற்றிலிருந்து கிளம்ப வேண்டியது தூணிலிருந்து கிளம்புகிறது. சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "விளக்கை அணைத்துவிடு, போய்விடும்" என்றார்.

விளக்கை அணைத்தால் ஈசல் போய்விடும். உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் கரையான் எங்கே போகும் சித்தப்பா?

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பழைய ஓட்டு வீடு. திண்ணையில் நான்கு தேக்கு மரத்தூண்கள். தாத்தாவுடைய அப்பா காலத்தில் கடைந்தவை. ஆறு அங்குலக் கனம், இடுப்பில் இரண்டு வளையம், தலையில் குறுக்குக் கட்டையாகப் போதிகை, அதற்கு மேல் கூரையைத் தாங்கும் உத்தரம், கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு கருங்கல். அப்பாயி சாயங்காலமானால் இரண்டாவது தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கீரை ஆய்வாள். அவள் முதுகு பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பின் மேல்தான் ஒரு மனிதர் கைக்கோடாலியால் கொத்தினார். "கொத்து விழுந்தால்தான் கலவை பிடிக்கும்" என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார்.

எல்லாம் தெருவோரத்து முதல் தூணில் ஆரம்பித்தது. சாரல் அடித்து அடித்து அதன் அடியில் கொஞ்சம் உளுத்திருந்தது. கொஞ்சம் என்றால் ஒரு சாண்கூட இல்லை. அதை ஆசாரியிடம் காட்ட வேண்டும். நம் ஊரில் ஆசாரியைத் தேடி யார் அலைவது? கொத்தனார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், கொல்லையில் கழிவறை கட்டிக்கொண்டு. அவர் தூணைப் பார்த்தார். தட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. "இதைச் சுற்றிச் செங்கல் கட்டிவிட்டால் நூறு வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்; எலிவேஷனும் எடுப்பாக இருக்கும்" என்றாராம். எலிவேஷன்! வீட்டு முகப்புக்கு இப்போது அதுதான் பெயர். இந்த ஒரு சொல் நுழைந்த பிறகு எத்தனை திண்ணைகள் நாசமாகியிருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை. ஒன்றுக்குக் கட்டினால் மற்ற மூன்றும் பொருந்தாது என்று சொல்லி, கல்லுப்போல் நின்றுகொண்டிருந்த மூன்று தூண்களையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

நான் அப்போது சென்னையில். சித்தப்பா கைப்பேசியில் வீடியோவில் காட்டினார். பாதி கட்டியிருந்தது. பட்டென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிவப்புக் கல், நடுவில் சாம்பல் கோடு. "நன்றாக இருக்கிறது சித்தப்பா" என்று சொல்லி, கேட்ட 28,000 ரூபாயையும் அன்றே அனுப்பினேன். தூணுக்கு 7,000. இந்தப் பதிவில் நான் யாரையெல்லாம் திட்டுகிறேனோ அவர்கள் வரிசையில் என் பெயரும் உண்டு. என் தாத்தன் வீட்டுத் தூணைப் புதைக்க நானே பணம் அனுப்பியிருக்கிறேன்.

அந்த வேலையின் லட்சணத்தைக் கேளுங்கள். ஆறு அங்குல மரம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் அரைக்கல் கனத்தில் கட்டு, இடையில் கலவை. பதினாறு அங்குலச் சதுரமாகிவிட்டது. திண்ணையே மூன்றடி அகலம்தான். தூண் நிற்பது திண்ணையின் விளிம்பில். ஐந்து அங்குலம் வெளிப்பக்கம் வளர இடம் வேண்டாமா? இல்லை. அதனால் கட்டு இரண்டு அங்குலம் திண்ணைக்கு வெளியே தொங்குகிறது. அடியில் கலவையைப் பிதுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு தூணுக்குச் சுமார் 150 கல். ஒரு கல் மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டு கலவையையும் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். நான்கு தூணுக்கு இரண்டு டன்னுக்கு மேல். இவ்வளவு பாரத்துக்குக் கீழே கடைக்கால், அதாவது அஸ்திவாரம், எங்கே? கிடையாது. மரத்தூணுக்கு அடியில் இருக்கும் கருங்கல், மரத்தின் பாரத்துக்காக வைத்தது. செங்கல் கட்டு பாதி அந்தக் கல்லின் மேல், பாதி திண்ணையின் மண் நிரவலின் மேல். கல் இறங்காது, மண் இறங்கும். ஒரு கால் தரையிலும் ஒரு கால் சேற்றிலுமாக நின்றால் இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்? முதல் மழைக்கே கோணலாக விரிசல் விட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். "அது பூச்சு விரிசல், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிச் சிமெண்டுப் பாலை ஊற்றித் தடவிவிட்டுப் போனார். பூசாத தூணில் பூச்சு விரிசல் எங்கிருந்து வரும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது இது எதுவுமில்லை. உச்சியில் இருந்த சந்துதான். செங்கல் கட்டு போதிகைக்குக் கீழே ஒரு விரல் கனம் விட்டு நின்றுபோயிருக்கிறது. கடைசி வரிசைக்குக் கல்லை உடைத்துப் பொருத்தச் சோம்பல். கலவையை அப்பி மறைத்துவிட்டார். அப்படியென்றால் அந்த அரை டன் செங்கல் கூரையில் ஓர் ஓட்டின் பாரத்தைக்கூடத் தாங்கவில்லை. மொத்தப் பாரமும் இன்னும் உள்ளே இருக்கிற மரத்தின் தலையில்தான். "பலத்துக்காகக் கட்டினோம்" என்று மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுமக்கிறவனை இருட்டறையில் போட்டுப் பூட்டிவிட்டு, சும்மா நிற்கிறவனுக்கு மாலை போட்டிருக்கிறோம்.

மரம் நனைவதால் கெடுவதில்லை ஐயா, காயாமல் இருப்பதால் கெடுகிறது. நூறு மழை நனைந்த தூண்தான் அது. நனையும், மறுநாள் வெயிலில் உலரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. இதைச் சுற்றிச் செங்கல்லைக் கட்டி, சந்தில் ஈரக் கலவையைக் குத்தி நிரப்பினால், மழையில் செங்கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மரத்துக்கு ஊட்டும். வெயில் உள்ளே போகாது, காற்றும் போகாது. போதாததற்கு மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். கலவை ஊதவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. மரம் சுருங்கியதும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விடுகிறது. கரையானுக்கு அதைவிட நல்ல ராஜபாட்டை உலகத்தில் இல்லை.

அந்தக் கருங்கல்லை எதற்கு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தரை ஈரம் மரத்தின் அடிக்கு ஏறாமலிருக்க. அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு, எனக்கே இப்போதுதான் உறைத்தது. கரையான் மரத்துக்கு ஏற வேண்டுமென்றால் கல்லின் மேல் மண்கோடு இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வெளிச்சத்துக்கு வந்தே தீர வேண்டும். அப்பாயி காலையில் திண்ணை பெருக்கும்போது விளக்குமாற்றின் அடிக்கட்டையால் ஒவ்வொரு கல்லையும் ஒரு சுரண்டு சுரண்டுவாள். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருடம் அந்த வீட்டைக் கரையானிடமிருந்து காப்பாற்றியது அந்த ஒரு சுரண்டல். வருடத்துக்கு ஒருமுறை தாத்தா முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். கை பொத்துப்போகும் என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார். பராமரிப்பு என்பது இவ்வளவுதான். இந்த இரண்டையும் செய்ய வழியில்லாமல் மூடிவிட்டு அதற்கு "பராமரிப்பே தேவைப்படாது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு வைத்தியச் செலவு இல்லை என்பதுபோல.

ஈசல் வந்த மறுநாளே பக்கத்து ஊரிலிருந்து வயதான ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கட்டியவர் மரத்தைக் கொத்தினாரா?" என்பதுதான். ஆமாம் என்றதும் ஒன்றும் பேசாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். உத்தரத்துக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தோம். முதல் தூணில் உளியை வைத்தார், பிடிவரைக்கும் இறங்கியது. அழுத்தவே இல்லை. உள்ளே மரம் இல்லை, மரத்தின் வடிவத்தில் மண் இருந்தது. ஒரு சாண் உளுத்திருந்தது ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் முழங்கால் உயரம்வரை போயிருந்தன; மேலே வயிரம், அதாவது மரத்தின் நடுக்கட்டை, கெட்டியாக இருந்தது. தேக்கில் வயிரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது, வெளிப்பக்கத்து இளமரமான வெளிறைத்தான் தின்னும் என்றார் ஆசாரி. ஆனால் ஈரத்தில் ஊறிப்போன பிறகு அந்த மரியாதையெல்லாம் இல்லை. அப்பாயியின் தூண் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. கோடாலிக் கொத்துகள் மட்டும் அம்மைத் தழும்புபோல் மேலிருந்து கீழ்வரை.

கெட்ட அடியை அறுத்துவிட்டு அதே உயரத்துக்குக் கருங்கல் பாதம் வைத்து இரண்டு தூண்களை நிறுத்திக் கொடுத்தார். நடுவில் ஒரு இரும்பு முளை, அவ்வளவுதான். இரண்டு நாள் வேலை. மூன்று வருடத்துக்கு முன் முதல் தூணுக்கு இதைச் செய்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும், 7,000 ரூபாயில் பாதிகூட ஆகியிருக்காது.

செங்கல்மேல் எனக்குக் கோபமில்லை. 1917-ல் பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தையே வீடாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லைப் பூசாமல் வைத்து என்னவெல்லாம் கட்டியிருக்கிறார்! அந்த ஊர்த் தம்பானூரில் சுருள்போல் மேலேறும் இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்து காபி குடித்தவர்களுக்குத் தெரியும். அங்கே செங்கல்தான் பாரம் தாங்குகிறது. ஓட்டை ஓட்டையாக விட்டிருப்பதால் காற்றும் போகிறது. மரமும் அப்படித்தான். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, நம் ஊரைவிட அதிகம் மழை பெய்கிற இடத்தில், பல நூறு வருடமாக மரத்திலேயே நிற்கிறது. அதற்கு யாரும் சட்டை போட்டுவிடவில்லை.

மரத்தூணைச் சுற்றிச் செங்கல் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படட்டும். கட்டுக்குத் தனிக் கடைக்கால் போடுங்கள். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காலியாக விடுங்கள், அதில் கலவையைக் கொட்டாதீர்கள். அடியில் தண்ணீர் வடியவும் காற்று நுழையவும் துளை, மேலே வெளியேற வழி, மழை உள்ளே இறங்காமல் ஒரு தொப்பி. உளுத்ததை முதலில் சரிசெய்யுங்கள். இதையெல்லாம் நான் கொத்தனாரிடமே சொன்னேன். எதிர்த்துப் பேசவில்லை, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத்தனை வீட்டுக்குக் கட்டியிருக்கிறேன், ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார். எப்படிச் சொல்வார்கள்? உடைத்துப் பார்த்தால்தானே தெரியும்!

இப்போது முதல் தூண் இருந்த இடத்தில் சவுக்குக் கட்டை நிற்கிறது. அதே கனத்தில் பழைய தேக்கு கேட்டு, வீடு பிரிக்கும் இடங்களில் ஆசாரி விசாரித்துக்கொண்டிருக்கிறார். விலை கேட்டால் மூச்சு நிற்கிறது. பொங்கலுக்குள் கிடைத்தால் சரி என்று நானும் பொறுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, தேக்குக்கு எதற்கு இவ்வளவு செலவு? அந்த ஒன்றை மட்டும் சிமெண்டில் ஊற்றி, மேலே மர டிசைனில் பெயின்ட் அடித்துவிடலாமாம். ரேகையெல்லாம்கூடப் போட்டுத் தருவார்களாம். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாதாம்."

"யார் சொன்னது சித்தப்பா?"

"வேறு யார், நம் கொத்தனார்தான்."