தாய்மொழியைக் கழற்றி வைக்க அது என்ன செருப்பா?

ஞாயிற்றுக்கிழமை லத்தீன் வகுப்பில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். ரெக்கார்டிங் பார்த்தவர்கள் இன்பாக்ஸில் துக்கம் விசாரித்துவிட்டார்கள், நன்றி. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

‘புவெல்லா ரோஸம் அமட்.’ பலகையில் இருந்தது அவ்வளவுதான். ‘சிறுமி ரோஜாவை விரும்புகிறாள்’ என்று எழுதியிருந்த வரிசையிலேயே சொன்னேன். தப்பாம். முதலில் வினையைத் தேடிப் பிடித்து, எழுவாய்க்குப் பக்கத்தில் இழுத்து வந்து, ஆங்கில வாக்கியமாக்கி, அப்புறம்தான் பொருள் சொல்லவேண்டுமாம். “தாய்மொழியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்” என்றார் ஆசிரியர். நாலு பேர் சிரித்தார்கள்.

ஐயா, பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வினை கடைசியில்தான் வருகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படலாம். எனக்கு எதற்கு?

அமோ, அமாஸ், அமட், அமாமுஸ், அமாட்டிஸ், அமண்ட். அமோ என்றால் விரும்புகிறேன், அமாமுஸ் என்றால் விரும்புகிறோம். ‘நான்’, ‘நாம்’ என்று தனியாகப் போடவே வேண்டாம், வினையின் வால் சொல்லிவிடும். சீசர் சொன்னதாகச் சொல்கிற ‘வேனி, வீடி, வீச்சி’ மூன்றே சொல். வந்தேன், கண்டேன், வென்றேன், இதுவும் மூன்று. ஆங்கிலத்தில் ஆறு! எது பக்கத்து வீடு?

உடனே ‘தமிழிலிருந்துதான் லத்தீன் வந்தது என்று கிளம்பிவிட்டான்’ என்பீர்கள். இல்லை, இரண்டும் வேறு வேறு குடும்பம். ஜாடை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ‘லத்தீனில் வினை கடைசியில்தான் வரவேண்டும் என்று சட்டமில்லையே’ என்று ஒருவர் கேட்டார். சரி, ‘ரோஸம் புவெல்லா அமட்’ என்று மாற்றினாலும் ரோஜாவைத்தான் சிறுமி விரும்புகிறாள், ‘ரோஸம்’ கடைசியில் இருக்கிற ‘ம்’ காப்பாற்றிவிடும். நம் ‘ஐ’ பார்க்கிற அதே வேலை. இது எனக்குச் சாதகமான கேள்வி! ‘அமட்’ அவனா அவளா என்று சொல்வதில்லையே என்று கேட்டால், ஆமாம், சொல்லாது. இருக்கட்டும்.

தமிழ் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் என்றும் சொல்லவில்லை. நான்கு வினை வகுப்புகளும் உயிரை எடுக்கின்றன. ‘அமாபோ’ (விரும்புவேன்) பார்த்த தைரியத்தில் ‘ரெகேபோ’ என்று எழுதி சிவப்பு மை வாங்கினேன். மூன்றாம் வகுப்பு வினையில் அது ‘ரெகம்’ (ஆள்வேன்). அது என் தப்பு, அதற்கெல்லாம் அழவில்லை.

எங்கள் ஆச்சி தூத்துக்குடி. அறுபதுகளில் வத்திக்கான் சங்கம் கூடி மாற்றுவதற்கு முன்னால் கத்தோலிக்கப் பூசையெல்லாம் லத்தீனில்தான். ராத்திரி ஜெபமாலைக்குக் கூப்பிடும்போது “ஓரேமுஸ், ஓரேமுஸ், டிவியை அமத்துங்கல” என்பாள். ‘வாயை மூடு’ என்று அர்த்தம் போல என்றே நாங்கள் நினைத்திருந்தோம். போன மாதம் வாய்பாட்டில் ‘முஸ்’ வரிசைக்கு வந்தபோது சட்டென்று விளங்கியது. ‘முஸ்’ என்றால் நம் வினையின் வாலில் வரும் ‘ஓம்’. செபிப்போமாக! நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆச்சி இல்லையே, யாரிடம் போய்ச் சொல்வது? சார், அந்த இடத்துக்கு நான் ஆங்கிலம் வழியாகப் போகவில்லை.

வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து நம் பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நடுவில் எந்தத் தரகரும் இல்லை. அவரையும் இந்த வகுப்பில் சேர்த்திருந்தால் கழற்றிவைத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள்.

ஃபீஸ் கட்டியாச்சு. வரும் ஞாயிறும் போவேன், பலகையில் இருக்கிற வரிசையிலேயே சொல்வேன். தப்பு போட்டுக்கொள்ளட்டும்.