அரிசி டப்பாவில் கண்ணாடி
சோம்பேறிக் கண்ணை, அதாவது ஒரு கண்ணை மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மங்கும் குறையை, ஏழு வயதுக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரி. ஆனால் பல சமயம் வீட்டில் தெரியவே தெரியாது. என் மகளுக்கு மாறுகண் கிடையாது, டிவியை ஒட்டி உட்காரவும் மாட்டாள். யுகேஜியில் வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னபோதுதான், கண் பரிசோதனைப் பலகையின் மேல் வரிப் பெரிய எழுத்தே தெரியவில்லை என்றாள். இடது கண்ணில் மட்டும் பிளஸ் 4 பவர்! நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் மூளை மற்றதைக் கண்டுகொள்வதில்லையாம்.

முதல் நாலு மாதம் வெறும் கண்ணாடிதான். “பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?” என்று மாமியார் முனகினார், இவளோ அதை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். ஆனாலும் கண்ணாடி போட்டதிலேயே பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தாள். அப்புறம்தான் நல்ல கண்ணை தினம் 2 மணி நேரம் பட்டை ஒட்டி மூடச் சொன்னார்கள். கார்ட்டூன் ஓடும்போது ஒட்டினால் பிய்க்க மாட்டாள்.