வெள்ளி அசல் என்றால் நாணயமும் அசலா?

பழைய சீன வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்தால் நம்மில் பலர் இரண்டே காரியங்களைச் செய்கிறோம். காந்தத்தை வைத்துப் பார்க்கிறோம். அது ஒட்டவில்லை என்றதும் நகைக்கடைக்கு எடுத்துச் சென்று உரைத்துப் பார்க்கச் சொல்கிறோம். கடைக்காரர் "வெள்ளிதான்" என்று சொன்னவுடன் நாணயம் அசல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உலோகம் வெள்ளியா என்பது ஒரு கேள்வி, அந்த நாணயம் அது சொல்லும் ஆண்டில் அந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டதுதானா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை பேர் பணத்தை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அதிகம் கைமாறும் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். சீனக் குடியரசின் தலைவராக இருந்த யுவான் ஷிகாயின் பக்கவாட்டு உருவம் பொறித்து, தியான்ஜின் அக்கசாலையில் பணியாற்றிய இத்தாலியரான லூயிஜி ஜோர்ஜியின் வடிவமைப்பில் 1914-இல் வெளிவந்த ஒரு யுவான் நாணயம் அது. சீனர்கள் அதைப் 'பெரிய தலை' என்று செல்லமாக அழைப்பார்கள். ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் விட்டமும், 26.6 முதல் 26.9 கிராம் வரை எடையும், சுமார் 89 விழுக்காடு வெள்ளியும் கொண்டது; அதிகம் தேய்ந்ததில் எடை சற்றுக் குறைந்திருக்கும். ஒரு யுவான் நாணயங்களில் குடியரசின் 3, 8, 9, 10 ஆகிய ஆண்டுகள்தான் இருக்கும், அதாவது 1914, 1919, 1920, 1921. மூன்றாம் ஆண்டு நாணயத்தில் தலைக்கு மேலே ஆறு சீன எழுத்துகள். மற்ற மூன்று ஆண்டுகளில் 'அடிக்கப்பட்டது' என்ற பொருள் தரும் எழுத்து கடைசியில் சேர்ந்து ஏழு. சீன மொழி தெரியாதவர்கூட எண்ணிப் பார்க்கலாம். ஆறாம் ஆண்டு என்று ஒரு பெரிய தலை வந்தால் தராசைத் தேடவே வேண்டாம்.

காந்தச் சோதனையை நான் குறைசொல்லவில்லை. ஒட்டினால் போலி, அதில் ஐயமில்லை. ஆனால் செம்பும் பித்தளையும் செம்பு-நிக்கல் கலவையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதால், ஒட்டாமலிருப்பது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. உரைகல்லும், தங்கத்தின் மாற்றைப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கின்றன. தடித்த வெள்ளி முலாம் அவற்றை ஏமாற்றிவிடும். இது இன்றைய தந்திரமும் அல்ல. நாணயம் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே, அசல் நாணயத்தின் உள்ளிருந்து வெள்ளியைக் குடைந்தெடுத்துச் செம்பை நிரப்பி மூடியவர்கள் சீனாவில் இருந்திருக்கிறார்கள். நகத்தால் பிடித்து விளிம்பில் ஊதிக் காதருகே வைத்து ரீங்காரம் கேட்கும் வழக்கம் அதனால்தான் அங்கே பரவியது. நயமான செவி உள்ளவர்க்கு அது இன்றும் பயன்படும். வெள்ளியிலேயே அடித்த போலியும் அழகாக ஒலிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் மதிப்பது நீரில் எடை பார்ப்பதைத்தான். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதுமாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் கணக்கைக் கெடுக்கும் என்பதால் ஒருமுறை மெதுவாக அசைத்துவிடுங்கள். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடை. 26.7 கிராம் எடையுள்ள அசல் நாணயத்துக்கு அது 2.6 கிராமை ஒட்டி வரும். நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி 10.3. அதே எடையில் செம்பு-நிக்கலில் செய்தது 3 கிராம் காட்டும், பித்தளை அதற்கும் மேலே போகும். ஒரு கீறல்கூட விழாமல், அமிலம் ஒரு சொட்டுப் படாமல், உள்ளே இருப்பது வரை கணக்கில் வந்துவிடுகிறது.

இதிலும் தேறிய நாணயத்துக்குத்தான் கடினமான பகுதி தொடங்குகிறது. இதில் இருப்பது ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி. அரிய வகைக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலையோ வெள்ளியின் விலையைப்போல் பல மடங்கு என்பதால், உரிய மாற்றில் வெள்ளியை வாங்கிப் போலியை அடித்தாலும் செய்தவருக்கு லாபம்தான். பாய்மரக் கப்பல் பொறித்த 1932-ஆம் ஆண்டுச் சீன வெள்ளி நாணயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் பாய்களுக்கு மேலே மூன்று பறவைகளும் கடலில் எழும் கதிரவனும் உண்டு. 1933, 1934 நாணயங்களில் இரண்டும் நீக்கப்பட்டன. பறவைகள் இருந்தால் விலை ஏறும் என்பது போலி செய்பவருக்கும் தெரியும்.

இங்கே தராசு உதவாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்தான் உதவும். வார்ப்பில் செய்ததில் எழுத்தோரங்கள் மழுங்கியும், தளத்தில் ஊசிமுனை அளவு குழிகளும், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோட்டின் தடமும் தெரியலாம். அசல் நாணயத்திலிருந்து அச்சு எடுத்து அடித்த போலி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அந்த அசலில் இருந்த கீறலும் பள்ளமும் ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே வந்துவிடும். கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் வடு உள்ள இரண்டு நாணயங்களைக் கண்டால் இரண்டையும் சந்தேகியுங்கள். சீன வணிகர்கள் சோதித்து இட்ட சிறு முத்திரைகள் இருப்பதும் அசலுக்குச் சான்றாகாது. அவற்றையும் பின்னால் குத்தலாம்.

கருத்திருக்கிறதே என்று புளியும் திருநீறும் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. பல ஆண்டுகளாகப் படிந்த அந்தக் கருமை ஆய்வுக்கு உதவும் தடயம். தேய்த்தால் தடயமும் போகும், அசலாகவே இருந்தாலும் விலையும் விழும்.

பெருந்தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் நாணயங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் ஆய்ந்து முத்திரையிட்ட பெட்டியில் வாங்குவதே நல்லது. அந்தப் பெட்டிகளையும் போலியாகச் செய்கிறார்கள், உண்மையான சான்று எண்ணையே அவற்றில் அச்சிடுகிறார்கள். ஆகவே எண் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அங்கே படம் இருந்தால் பெரிதாக்கி, அதிலுள்ள ஒவ்வொரு கீறலையும் கறையையும் கையில் இருக்கும் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.