தெம்பு

போன வாரம் அக்கா மகள் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் திண்ணையில் உட்கார்ந்தாள். "எனக்குத் தன்னம்பிக்கை இல்லையாம் சித்தி" என்றாள். கேள்வி கேட்டவர் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று விடியுமுன்னே எழுந்து, முக்கூடல் பக்கத்திலிருக்கிற எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனவள். வயிற்றுக்குள் போனது ஒரு டம்ளர் காப்பி மட்டும். உள்ளே கூப்பிடும்போது பதினொன்றரை. கேட்டதற்கெல்லாம் பதில் தெரியுமாம், குரல்தான் எழும்பவில்லையாம்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை.

தன்னம்பிக்கை என்பதைப் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்திருக்கிறேன், மேடைகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் அதை வாயில் எடுத்ததில்லை. வீட்டுச் சொல் தெம்பு. "கஞ்சியைக் குடி, தெம்பா இருக்கும்." காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள், "இப்பத்தான் கொஞ்சம் தெம்பு வந்திருக்கு." மாசக் கடைசியில் கையில் நாலு காசு மிஞ்சினால் அதுவும் தெம்புதான். "அண்ணாச்சி இருக்காவங்கிற தெம்புல பேசிட்டு வந்துட்டேன்." உடம்புக்கும் மனசுக்கும் மடியில் இருக்கிற பணத்துக்கும் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் சேர்த்து ஒரே சொல். தெலுங்கில் இதே சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கமெல்லாம் தெலுங்கு பேசுகிறவர்கள் நம்மோடு காலங்காலமாகக் கலந்து வாழ்கிறார்கள். நம் வாயில் அந்தத் துணிச்சலோடு ஒரு கும்பா கஞ்சியும் சேர்ந்துகொண்டது. அதனாலேயே எனக்கு இந்தச் சொல் மேல் அவ்வளவு பிரியம்.

அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். மடியில் தட்டு, தட்டில் வெட்டின இலை, தூள், நூல், கத்தரி. ஆயிரம் பீடி சுற்றிக் கட்டுக்கட்டாக அடுக்கிக் கம்பெனிக்குக் கொண்டுபோனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நாலைந்து கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று ஓரமாகப் போடுவார். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. அம்மா வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் பெரியம்மாவும் கூடப் போனாள். நான் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கேளுட்டி, நான் பக்கத்துல நிக்கேன்" என்றாள் பெரியம்மா. அம்மா கேட்டாள்: "எதுல குறை? ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க." அவர் கட்டிலிருந்து ஒரு பீடியை உருவினார், விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார், மறுபடியும் கட்டுக்குள்ளேயே சொருகினார். ஒதுக்கினதில் மூன்று கட்டு கணக்கில் சேர்ந்தது. பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றதோடு சரி, அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முந்தின வாரமும் அம்மாவுக்கு அதே விரல்கள்தான், அதே பீடிதான்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கணக்குப் போடும்போது தன்வலியோடு, அதாவது சொந்த பலத்தோடு, நிறுத்தவில்லை. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்கிறார். துணைவலியையும் தராசில் வைக்கிறார். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளைத்தான் நாம் பெரிதாகச் சொல்கிறோம். வேலையை விட்டு நின்றவர்கள் வீட்டில் உலை கொதிக்க ஊருக்குள் பணம் திரட்டியதும் அதே அளவு பெரிய காரியம். மார்ச் மாதம் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி கூடியது. பேச்சு மட்டும் கேட்டுவிட்டுப் பசியோடு எத்தனை நாள் நின்றிருக்க முடியும்?

தன்னம்பிக்கை இல்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது குறை முழுக்க அவள் தலையில் விழுகிறது. தெம்பில்லை என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி தானாக வரும்: சாப்பிட்டியா? கூட யார் வந்தா? அன்று அதே அறைக்கு அப்பா காரில் வந்து இறங்கிய பையன் ஒருவன் கணீரென்று பேசினானாம். நன்றாக இருக்கட்டும். அவனுக்கும் அது ஒற்றை ஆளாக உள்ளுக்குள் முளைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு வீடே நின்றது.

வரும் வியாழக்கிழமை அவளுக்கு இன்னொரு இடத்தில் தேர்வு. முந்தின நாள் ராத்திரியே வண்ணார்பேட்டையில் மைனி வீட்டில் போய்த் தங்கிவிடப் போகிறோம். மிளகாய்ப்பொடி தடவி ஆறு இட்லி பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று மைனி சொல்லிவிட்டாள். அக்கா அன்றைக்குப் பீடித் தட்டை எடுக்கப்போவதில்லை, நானும் லீவு சொல்லிவிட்டேன். "உள்ள நீ போ, வாசல்ல நாங்க நிக்கோம்" என்றேன்.

"ரெண்டு பேருமா சித்தி?" என்று கேட்டாள்.