முதல் மூன்று நொடி

டிஜிட்டல் மீடியாவும் ஜர்னலிசமும் படிக்கிறேன் என்றால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் வரும் முதல் கேள்வி, "எந்த சேனல்ல வரப்போற?" இரண்டாவது, "அப்போ யூட்யூபரா?" இரண்டுக்கும் சிரித்து வைப்பேன்.

வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது ஹூக். முதல் மூன்று நொடிக்குள் பார்க்கிறவர் விரல் நிற்கவில்லை என்றால் வீடியோ காலி. தப்பான பாடம் என்று சொல்லமாட்டேன், நானும் அப்படித் தள்ளிவிட்டுப் போகிறவள்தான்.

போன செமஸ்டர் மொபைல் ஜர்னலிசம் அசைன்மென்ட்டுக்கு எண்ணூர் போனேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, நினைவிருக்கும். படகும் வலையும் கறுத்துப்போய், மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி அம்மோனியா கசிவு. பெரியகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்போது எல்லாக் கேமராவும் அங்கேதான். நான் போனது எல்லாரும் கிளம்பிப்போய் ரொம்ப நாள் கழித்து.

வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, நீயும் எண்ணெயா? அன்னிக்கு வந்தவங்க கையக் காட்டச் சொன்னாங்க, காட்டினோம். இப்ப இறால் இருக்கா நண்டு இருக்கான்னு கேக்க ஒருத்தரும் வரல."

சரி, கேட்டேன். பேசினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கெட்டால் பிழைப்பு மட்டுமா போகும், தோலும்தான். சேற்றில் எந்த இடத்தில் எந்த இறால் ஒதுங்கும் என்று அவர் சொன்னது ஒரு தனிப் பாடம்.

வீட்டுக்கு வந்து அறுபது நொடியாக வெட்டினேன். தொடக்கத்தில் பழைய கறுப்புக் கை. பின்னால் திடுக் இசை. தம்ப்நெயிலில் 'வட சென்னை' என்று பெரிய எழுத்து, அந்தச் சொல்லுக்கு என்ன மாதிரிக் கிளிக் விழும் என்று தெரிந்தேதான் போட்டேன். நல்ல மார்க். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது: "நல்லாக்குது பாப்பா. இறால் பத்திச் சொன்னதக் காணோமே?"

அதிலிருந்து திரு.வி.க.வைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1917ல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர். அடுத்த வருஷமே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் நிற்கிறார். எங்கள் பரீட்சையில் அது இரண்டு மார்க். பத்திரிகைக்காரர் சங்கத்தில் நிற்கலாமா என்று வகுப்பில் சண்டையே நடந்தது. எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் போன இடத்துக்கு மறுபடி போவதைப் பாடமாக வைக்க எந்தச் சண்டையும் வேண்டியதில்லையே? ஹூக்குக்கு மூன்று வகுப்பு, ஃபாலோ-அப்புக்கு ஒரு ஸ்லைடு.

அவர் பேசிய முழு ஆடியோவையும் அவரிடம் கேட்டுவிட்டு முதல் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். 11 நிமிஷம். முதல் மூன்று நொடி வெறும் காற்றுச் சத்தம்.