அம்மாவின் மூக்குத்தியும் பீரோ மேல் இருக்கும் சிடியும்

போன வருடம் அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று மூளை எம்ஆர்ஐ எடுக்கப் போனோம். உள்ளே உலோகம் கூடாது. வளையலும் தோடும் உடனே கழன்றுவிட்டன. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். ஸ்கேன் சென்டர் அக்காவுக்கு இது தினசரி வேலை போலிருக்கிறது, மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சளும் தயாராக எடுத்து நீட்டினார். மூக்குத்திதான் வரவில்லை. முப்பது வருடமாகத் திறக்காத திருகு. சோப்பு, தேங்காய் எண்ணெய், கால் மணி நேரப் போராட்டம். அப்புறம் குழாய்க்குள் நாற்பது நிமிடம், காதில் பஞ்சையும் மீறித் தகரக்கொட்டகையில் சுத்தியல் அடிக்கிற சத்தம். வெளியே வந்ததும் "இனிமே இதுக்குள்ள படுக்கச் சொல்லாதடா" என்றார். ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. பிலிம் கவரும் சிடியும் பீரோ மேல் ஏறின.

நான் பிழைப்புக்குப் பார்ப்பதே இந்த மாதிரிப் படங்களைத்தான். மூளைப் படங்களை அலசும் நிரல் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வுக் கட்டுரையில் 'கேட்டால் தரவு வழங்கப்படும்' என்று போட்டிருந்ததை நம்பி எழுதினேன். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு பதில் வந்தது: அந்த மாணவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஹார்ட் டிஸ்க் எங்கே என்று தெரியவில்லை. அறுபது பேர் படுத்து எழுந்த ஸ்கேன் அது. அறுபது பேரும் ஏதோ ஒரு நகையைக் கழற்றியிருப்பார்கள், நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்திருப்பார்கள். அதில் மிஞ்சியது ஒரு கட்டுரையும் நாலு வரைபடமும்.

இதனால்தான் சொல்கிறேன், ஆய்வுக்காக எடுத்த மூளை ஸ்கேனைப் பூட்டி வைப்பது படுத்தவருக்குச் செய்கிற துரோகம். "என் தரவு, நான் கஷ்டப்பட்டுச் சேகரித்தது" என்று ஆய்வாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். குழாய்க்குள் படுத்தது நீங்களா?

இந்தச் சண்டை புதிதில்லை. 2000-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மூளை ஆய்வாளர் மைக்கேல் கஸானிகா ஒரு தரவு மையம் ஆரம்பித்தார். அவர் நடத்திய ஆய்விதழில் கட்டுரை வரவேண்டுமென்றால் மூல ஸ்கேன்களையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆய்வாளர்கள் கொதித்தெழுந்து எதிர்ப்புக் கடிதம் சுற்றுக்கு விட்டார்கள். ஆனால் அதே பத்தாண்டு முடிவதற்குள் காற்று திசை மாறிவிட்டது. 2007-ல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 'ஓயாசிஸ்' என்ற பெயரில் 18 வயது முதல் 96 வயது வரையிலான 416 பேரின் ஸ்கேன்களைப் பொதுவில் வைத்தது. 2009 டிசம்பரில், பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, சும்மா படுத்திருப்பவர்களின் மூளைச் செயல்பாட்டு ஸ்கேன்கள் ஆயிரத்துக்கும் மேல் கொட்டின. யாரும் குடிமுழுகிப் போகவில்லை.

அந்தக் குவியலில் இருந்து என்ன வந்தது என்பதுதான் சுவாரசியம். 2016-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லுண்டும் இரண்டு சகாக்களும் அதிலிருந்து 499 ஆரோக்கியமான ஆட்களின் ஸ்கேன்களை எடுத்தார்கள். சும்மா படுத்திருந்தவர்களைக் குலுக்கல் போல இரண்டு குழுவாகப் பிரித்து, "இந்த இரண்டு குழுவுக்கும் மூளையில் வித்தியாசம் இருக்கிறதா?" என்று பிரபலமான மென்பொருள்களிடம் கேட்டார்கள். வித்தியாசம் இருக்க நியாயமே இல்லை. தவறுதலாக 'இருக்கிறது' என்று நூற்றுக்கு ஐந்து தடவை சொன்னால் மன்னிக்கலாம். மென்பொருளின் சில செட்டிங்குகளில் எழுபது வரைக்கும் போயிற்று! கூடவே ஒரு மென்பொருளில் 15 வருடமாக ஒளிந்திருந்த பிழையும் சிக்கியது. 40,000 ஆய்வுகள் குப்பை என்று பத்திரிகைகளில் பறந்தது மிகை, ஆய்வை எழுதியவர்களே பிறகு தங்கள் கட்டுரையில் அந்த எண்ணைச் சொன்ன வரியைத் திருத்தினார்கள். ஆனால் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்புதான். அவரவர் அலமாரியில் இருபது இருபதாகக் கிடந்திருந்தால் இந்தக் கணக்கை யார் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்று, எனக்குப் பிடித்த கதை. 2011-ல் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) உள்ள குழந்தைகளை ஸ்கேனை வைத்துக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்று, திறந்த தரவை வைத்து நடந்தது. அதிக மதிப்பெண் வாங்கியது கனடாவின் ஆல்பர்டா பல்கலைக்கழக அணி. எப்படி? ஸ்கேன் பக்கமே போகாமல், கூடக் கொடுத்திருந்த வயது, ஆணா பெண்ணா, எந்தக் கைப்பழக்கம், ஐக்யூ போன்ற விவரங்களை மட்டும் வைத்து! ஸ்கேனைப் பயன்படுத்தாததால் பரிசு வேறு அணிக்குப் போனது. மூளையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவோம் என்று முழங்கியவர்களுக்கு அது நல்ல குட்டு. திறந்த தரவின் லாபம் புதுக் கண்டுபிடிப்பில் இருப்பதைவிட இந்தக் குட்டுகளில்தான் அதிகம் என்பேன்.

சரி, எதிர்ப்பக்கம். நியாயமான பயம் ஒன்று இருக்கிறது, அது முகம். ஸ்கேன் கோப்புக்குள் பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி பெயர் எல்லாம் பதிந்திருக்கும். அதை அழிப்பது சுலபம். ஆனால் தலையைப் படம் எடுத்தால் மூக்கும் காதும் தாடையும் சேர்ந்தே வரும். 2019-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரிக்காரர்கள் 84 பேரின் ஸ்கேனிலிருந்து முகத்தை வரைந்து, அவர்களுடைய புகைப்படங்களோடு முகமறியும் மென்பொருளில் ஒப்பிட்டார்கள். 70 பேரை முதல் ஊகத்திலேயே சரியாகப் பிடித்துவிட்டது.

அதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவின் சிடியைப் போட்டுப் பார்த்தேன். நல்லவேளை, ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக ஒரு வரிசை எடுத்திருந்தார்கள். முப்பரிமாணத்தில் திருப்பியதும் சாம்பல் நிறத்தில் அம்மா. மூடிய கண், கொஞ்சம் தொங்கிய காது மடல், எனக்கும் வந்திருக்கிற அதே மோவாய். களிமண்ணில் செய்து வைத்த மாதிரி. சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

இதற்கும் வழி இருக்கிறது. கண், மூக்கு, தாடைப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மூளையைத் தொடாமல் விடும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில சமயம் மூளையின் முன்பகுதியையும் சேர்த்துக் கடித்துவிடும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். இது சலிப்பான வேலை, இதற்கென்று யாரும் பதவி உயர்வு தருவதில்லை, உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. நோயாளிகளின் தரவை இன்னும் கவனமாகவே வைக்கலாம். பிரிட்டனின் மருத்துவத் தரவு வங்கியான யூகே பயோபேங்க் 2025-க்குள் ஒரு லட்சம் தன்னார்வலர்களை ஸ்கேன் செய்து முடித்தது. விண்ணப்பம், கட்டணம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு, ஆனால் எந்த நாட்டு ஆய்வாளரும் கேட்கலாம். கதவு இருக்கிறது, வாட்ச்மேனும் இருக்கிறார். எனக்குச் சம்மதம்தான்.

நமக்கு இதில் கூடுதல் அவசரம். உலகமே மூளையை அளக்க வைத்திருக்கும் அச்சு, அதாவது பலரின் ஸ்கேன்களைச் சேர்த்துச் செய்த சராசரி மூளைப் படம், கனடாவின் மான்ட்ரியலில் உருவானது. முதலில் 305 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள். 2019-ல் ஹைதராபாத் ஐஐஐடி நூறு இந்தியர்களை வைத்து நமக்கென ஒரு மூளை அட்லஸ் செய்தபோது, சராசரியில் நம் மூளையின் உயரமும் அகலமும் குறைவு என்று எண்ணிக்கையாகத் தெரிந்தது. நூறு பேர்! ஒரு நாளைக்கு நம் நாட்டில் அதைவிட அதிகம் பேர் ஸ்கேன் எடுக்கிறார்கள். சென்னை ஐஐடி 2024-ல் கருவில் வளரும் மூளையின் 5,132 வெட்டுத்துண்டுப் படங்களை 'தாரணி' என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாக வைத்தது. ஆக, மனமிருந்தால் இங்கேயும் நடக்கிறது.

அம்மாவுக்குத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்குத்தி இல்லாம சகிக்கல" என்றார். அப்புறம், "இதை வச்சு யாராவது நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்களா?" முகத்தைச் சுரண்டிய படத்தைக் காட்டினேன். "இது யாருக்காவது உதவும்னா குடுத்துடேன். இங்க தூசிதானே தின்னுது."

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது, ஆய்வுக்குத் தர விருப்பமா என்று கேட்டு ஏதாவது கையெழுத்து வாங்குவீர்களா என்று கவுன்டரில் கேட்டேன். பில் அடித்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குன்னு ஃபாரம் எதுவும் இல்ல சார். டூப்ளிகேட் சிடி வேணும்னா முந்நூறு ரூபா."