ஃப்ளைவீலைக் கடைசல் பிடித்தால் ஏற்காடு எளிதாகுமா?

என் தம்பி மகன் தன் பழைய பெட்ரோல் காரில் கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறான். அந்தக் கையோடு ஃப்ளைவீலையும், அதாவது எஞ்சினோடு சுழன்று அதன் ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த இரும்புச் சக்கரத்தையும், லேத் பட்டறையில் கொடுத்து 2 கிலோ குறைத்துவிட்டால் ஏற்காட்டு மலையில் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்ல, "செஞ்சிடலாமா பெரியப்பா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. எஞ்சினின் குதிரைத்திறன் கூடப்போவதில்லை என்றாலும், ஃப்ளைவீலை வேகமாகச் சுழற்றுவதற்கே செலவாகும் பங்கு குறையும். மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி 2 கிலோ இரும்பை எடுத்தால், முதல் கியரில் மொத்தக் குறைப்பு 14 மடங்கு (டயர் ஒருமுறை சுற்ற எஞ்சின் 14 முறை சுற்றும்), டயரின் ஆரம் 28 செ.மீ. என்று கொண்டு கணக்கிடும்போது, வேகமெடுக்கும் வேளையில் வண்டியிலிருந்து சுமார் 72 கிலோ இறங்கியதற்குச் சமமாகிறது. 3.5 மடங்கே உள்ள ஐந்தாம் கியரிலோ அது நாலரைக் கிலோதான்.

ஆனால் அந்த 72 கிலோ, வேகம் கூடும்போது மட்டுமே செல்லுபடியாகும். மேட்டில் ஒரே சீராக ஏறும் வண்டிக்குக் குறைந்திருப்பது வெறும் 2 கிலோ. தண்ணீர் பாட்டில் இரண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் அதே பலன்தான்.

இழப்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் காருக்கு இதையே செய்தேன். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில், மேலிருந்து இறங்கிய பேருந்து முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும்வரை ஹேண்ட்பிரேக்கில் நின்றேன். ஐடிலிங்கில் வண்டி நடுங்கிய நடுக்கத்தில், பின்னால் நின்ற ஜீப்பின் விளக்குகள் கண்ணாடியில் கோடுகளாகத் தெரிந்தன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச்சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நிகழ்கிறது. இடைவெளியைத் தாங்க வேண்டிய கனத்தை நானே சீவி எறிந்திருந்தேன். கிளட்சை விட்டதும் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறை ரேஸ் கொடுத்துக் கிளட்சை வழுக்கவிட்டுக் கிளப்பியபோது, கருகிய நெடி வீசியது. மெலிந்த இரும்பு அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது.

இறங்கும்போது எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, கூடும் என்பதும் பாதிதான் உண்மை: ஆக்சிலரேட்டரை விட்டதும் சுழற்சி சட்டென விழும், இரண்டாம் கியரில் ஒரே வேகத்தில் இறங்கும்போது வித்தியாசமே இராது.

பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இது பொருந்தலாம். அவர்களும் அதற்கென்றே செய்த எஃகு ஃப்ளைவீலைப் போடுவது நல்லது. வார்ப்பிரும்பை அளவுக்கு மீறிக் கடைந்து, பேலன்சிங்கும் பார்க்காமல் மாட்டினால், அதிகச் சுழற்சியில் அது வெடித்துச் சிதறக்கூடும்; அது சுழல்வதோ ஓட்டுநரின் கால்களுக்கு அருகில்.

ஃப்ளைவீலில் தேய்மானக் கோடு விழுந்த முகத்தை மட்டும் மெல்லச் சமன்செய்யச் சொல்லிவிட்டு, ரிலீஸ் பேரிங்கும் கிராங்க் ஆயில் சீலும் வாங்கிவர அவனை அனுப்பியிருக்கிறேன். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனான்.